கோட்டுக்குள்

குட்டாய்சி பேருந்து நிலையம், அக்டோபர்.
உதட்டில் சிகரெட்டோடு வேனில் சாய்ந்திருந்த ஓட்டுநரைப்
பேனாவால் பிடித்துக்கொண்டிருந்தேன்.
மூக்கு வந்துவிட்டது.
கைகள் எனக்கு எப்போதும் வராது,
இரண்டையும் பாக்கெட்டுக்குள் போட்டேன்.

வண்ணம் கரைப்பதற்குள்
பதினெட்டாவது ஆள் ஏறிவிட்டார்.
வேன் சுக்திதிக்குக் கிளம்பிப் போக
தாளில்
கோட்டுக்குள் வெள்ளையாய் நின்றான் அவன்.

நினைவிலிருந்து கொஞ்சம் நீலம் தொட்டேன்.
"அரா!" என்றாள் வால்நட் விற்பவள்.
(அரா என்றால் இல்லை. எனக்குத் தெரிந்த
நான்கு ஜார்ஜியச் சொற்களில் ஒன்று.)
பச்சைத் தோல் ஒன்றை நகத்தால் கிழித்து
என்னைக் கேட்காமலே
ஈரம் காயாத அவன் தோளில் தேய்த்தாள்.
பழுப்பு.
பார்க்கப் பார்க்கக் கருத்துக்கொண்டே போகும் பழுப்பு.

தன் மார்பைத் தொட்டாள், பணம் எண்ணிக் காட்டினாள்:
கோட்டு வாங்கிக் கொடுத்தவள்.
சியாலா என்று பெயர் சொன்னாள்.

பிறகு குனிந்து
கைகள் எங்கே என்று தேடினாள்.
பாக்கெட்டைக் காட்டினேன், கொஞ்சம் கூச்சத்தோடு.

அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள்,
தன் தோளைப் பார்த்தாள்,
படத்தை விரலால் இருமுறை தட்டினாள்.
இது மட்டும்
அச்சு அசல் அவன்.