புதினா

ஆகஸ்ட் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக்
கடிதம் வந்த அன்று
ஜன்னலோரக் கத்தரி நாற்று
நான்காம் இலை விட்டிருந்தது.

விதை உறையின் முதுகில்:
நட்டதிலிருந்து எழுபது நாள்.
ஜூன் பதினான்கு என்று வைத்து விரல் மடக்கினேன்.
எட்டு நாள் மிச்சம்.
ஒரு பொரியலுக்குப் போதும்.

சஸ்காட்டூனில் ஜூன் பிறந்தும் உறைபனி.
இரவு வேலையிலிருந்து செந்தூரனை எழுப்பி
"எதையாவது எடுத்துப் போர்த்து" என்றேன்.
விடிந்து வந்து பார்த்தால்
என் நல்ல பெட்ஷீட்,
நான்கு மூலைக்கும் கல்,
தக்காளிக்கு மட்டும்.
மிளகாய் கருகிக் கிடந்தது.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வெந்தயக் கீரையை முயல் மழித்துவிட்டுக்
கொத்தமல்லியை முகர்ந்து போயிருந்தது.
அதன் நாக்கு அவ்வளவுதான்.

இரவு ஒன்பதரைக்கும் வெயில்.
பக்கத்து வீட்டு ஒக்சானா வேலிக்கு மேலாக
ஈரத் துணியில் புதினா வேர் நீட்டினாள்.
"தொட்டியிலேயே வை.
தரையில் விட்டால்
யார் வந்தாலும் பிடுங்க முடியாது."

நன்றி சொல்லி வாங்கினேன்.
அவள் கதவு சாத்தும்வரை
தொட்டியருகே நின்றேன்.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
வேலியோரம் போனேன்.