நான்கு புள்ளி ஆறு

தலவாக்கலையில் மூன்றாம் நாளும் மழை.
கரண்ட் போய் வந்ததில்
தராசு மறுபடி பூச்சியத்திலிருந்து.

பீ.எச். ஏழு புள்ளி நான்கில்
சட்டைப் பித்தானளவு இருந்த ஜெல் வில்லை
பணியாரமாய் உப்பிக் கிடக்கிறது.
வடிதாளில் ஒற்றி நிறுத்தேன்:
தன் எடையைப்போல் நாற்பது மடங்கு தண்ணீர்.

இனி, பதினாறாம் நம்பர் மலை மண்ணின் சாறு.
நான்கு புள்ளி ஆறு.
தேத்தண்ணி குடித்து வருவதற்குள்
சுருங்கி, வெளுத்து,
வாயை மூடிக்கொண்டது.

'தேயிலை மண்ணில் கோடைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும்'
என்று விண்ணப்பத்தில் எழுதியது நான்தான்.

நிலுக்ஷி சிரிக்கவில்லை.
மறுநாள் வீட்டு அடுப்புச் சாம்பலைப்
போத்தலில் கொண்டுவந்து
ஒரு கரண்டி கரைத்து ஊற்றினாள்.

ஓரம் முதலில் கண்ணாடியானது.

தேயிலைக்குச் சாம்பல் ஆகாது.
குறிப்பேட்டில் அதையும் எழுதினேன்.