மண்டூர்ப் பாதை

மார்கழி கழிய வந்த வெள்ளம்
வட்டைக்குள்ள ஒன்பது நாள் நிண்டது.
குடலைப் பயிர் கூழாகிக் கிடந்ததைப் பாத்திட்டு வந்த மனிசன்
கிணத்தடியில கால் கழுவினார்.
கழுவிக் கழுவி
இருட்டும் வரைக்கும் கழுவினார்.

அதுக்குப் பிறகுதான் வீட்டில கதை குறைஞ்சது.
சாப்பிடுங்க எண்டா சாப்பிட்டார்.
படுங்க எண்டா படுத்தார்.
சொல்லாட்டி ரெண்டும் இல்ல.
கேதுசன் கேட்டான்:
"அப்பாக்கு என்னோட கோவமா?"
இல்ல மகன், களைப்பு எண்டன்.
ஏழு வயசுக்குத் தெரியும்
களைச்ச ஆள் இப்பிடிச் சுவரைப் பாக்காது எண்டு.

ஒருநாள் சாமம், பாயில ஆள் இல்ல.
மாட்டுக் கொட்டிலடியில நிண்டார்.
வளையில செருகியிருந்த பயிர்மருந்துப் போத்தலுக்கு நேரே,
சும்மா.
"மாடு கத்தினது" எண்டார்.
மாட்டை வித்து மூணு கிழமை.

விடிஞ்சதும் போத்தலைச் சீலைத் தலைப்பில சுத்தி
பரஞ்சோதி அக்காட வளவுக்குக் கொண்டு போனன்.
என்னத்துக்கு எண்டு அவ கேக்கல்ல.
இரும்புப் பெட்டியைத் திறந்தா.
அதுக்குள்ள ஏற்கனவே
வேற ஒரு வீட்டுப் போத்தல்.
ஆருடையது எண்டு நானும் கேக்கல்ல.
பூட்டினா. திறப்பைத்
தாலிக்கொடியில கொழுவினா.

அண்டைக்குப் பின்னேரம் கேட்டன்.
சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது.
"சாகணும் எண்டு நினைப்பு வருதா?"
கேட்டா வந்திடும் எண்டு சனம் சொல்லும்.
கேட்டன்.
தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில வைச்சார்.
"வருது" எண்டார்.
எத்தனையோ நாளைக்குப் பிறகு
அந்த முகம் என்ட பக்கம் திரும்பினது
அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

புதன்கிழமை கிளினிக்.
களுவாஞ்சிக்குடிக்குப் போக
நாங்க பாதையில ஏறணும்.
வேற ஊரில பாதை எண்டா நடக்கிறது.
இஞ்ச பாதை எண்டா காத்து நிக்கிறது.
அக்கரையில கிடக்கும்;
கூப்பிட்டாலும் வராது, கத்தினாலும் வராது,
சனம் நிறைஞ்சாத்தான் வரும்.

"எங்க ரெண்டு பேரும்?"
குடை பிடிச்ச ஒருத்தி கேட்டா.
கண் காட்ட எண்டு நான் பொய் சொன்னன்.
"மனசு காட்ட" எண்டு
அவர் திருத்தினார்.
அவ தண்ணியைப் பாத்தா. கன நேரம் பாத்தா.
மறுகா, கொஞ்சம் தள்ளி நிண்டு
குடையை எங்கட பக்கம் சரிச்சா.

டொக்டர் சின்னப் புள்ள, என்ட தங்கச்சிட வயசு வரும்.
நித்திரை, பசி, கடன், எல்லாம் கேட்டா.
குளிசை எழுதினா.
எழுதி முடிச்சும் பேனையை மூடாம
என்னைப் பாத்தா.
"நீங்க கடைசியா முழுசா நித்திரை கொண்டது எப்ப?"

எண்ணத் தொடங்கினன்.
வெள்ளத்துக்கு முதல்.
இல்ல, லோனுக்கு முதல்.
இல்ல...
மேசையில தலையை வைச்சு அழுதன்.
வெளியில வரிசை இருமிச்சு.
இருமட்டும்.

திரும்பி வரக்க பாதையில
மூணு சைக்கிள், கால் கட்டின ரெண்டு கோழி, வெயில்.
வட்டையைத் திண்ட தண்ணி
ஒண்டும் தெரியாத மாதிரி மினுங்கிச்சு.
செவ்வாய்க்கிழமை லோன்காரர் வருவார்.
மகன்ட சப்பாத்து அடி பிஞ்சு கிடக்கு.
குளிசை வேலை செய்யவும்
ரெண்டு மூணு கிழமை பிடிக்குமாம்.

அண்டைக்கு ராவு
வழமை போல வாசலுக்குக் குறுக்கால பாயைப் போட்டன்,
அவர் எழும்பினா எனக்குத் தெரியணும் எண்டு.
"உள்ளுக்குப் போய்ப் படு" எண்டார்.
"நினைப்பு வந்தா உன்னை எழுப்புறன்."
நம்பினனா எண்டு கேட்டா, பாதி.
அந்தப் பாதியில படுத்தன்.

விடிய ஆறு மணிக்கு எழுப்பினார்.
நெஞ்சு பக்கெண்டது.
"ஒண்டுமில்ல, மகனுக்குப் பள்ளிக்கு நேரமாகுது.
தேத்தண்ணி ஊத்திட்டன்.
சீனி எங்க வைச்ச நீ?"