ழென்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
கேன்டீனுக்கு மேலே பயிற்சிக் கூடம்.
சீனாவிலிருந்து வந்த பொறியாளர்கள் பதினோரு பேர்,
பதினோரு ஹெட்போன்.
அதில் ஒன்று இடது காதோடு மட்டும் பேசும்.
அதை யாருக்குத் தருவது என்பதுதான்
இன்று எனக்கு வைக்கப்பட்ட முதல் தேர்வு.

பெயர் வாசிக்கிறேன்.
ஹான். சூய். தாவ்.
ரென்.
யாரும் அசையவில்லை.
ரென்.
கடைசி வரிசையில் ஒருவர்
அது நானாகவும் இருக்கலாம் என்பதுபோல்
பாதிக் கை தூக்குகிறார்.
இடது காது ஹெட்போன் அவருக்குப் போகிறது.

கேட்டல், முப்பது மதிப்பெண்.
பல் டாக்டருக்கு ஒரு பெண் போன் செய்கிறாள்.
தேதி தர்ட்டீனா, தர்ட்டியா?
சரியாக அந்த இடத்தில்
கிரானைட் ஏற்றிய டாரஸ் ஒன்று
ஏர்ஹாரனை ஒட்டுமொத்தச் சாலைக்கும் வாசித்துவிட்டுப் போகிறது.
ஒரே முறைதான் போடவேண்டும் என்பது விதி.
மாதேஷ் என்னைப் பார்க்கிறான்.
நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.
அவன் மறுபடி போடுகிறான்.

இலக்கணம்.
எஸ்டர்டே ஐ கோ என்று எழுதியிருக்கிறார் சூய்.
அவர்கள் வினைக்குக் காலம் ஒட்டுவதில்லை.
நேற்று என்று சொல்லியாகிவிட்டது,
பிறகும் எதற்கு இன்னொரு சாட்சி?
அரை மதிப்பெண் குறைத்தேன்.

த்ரீ மேங்கோ, அடுத்த தாள்.
எஸ் எங்கே என்று வட்டமிட்டேன்.
வட்டமிட்ட இதே கைதான்
ராயக்கோட்டை ரோட்டில் போன ஞாயிறு
"மூணு பெங்களூரா குடுங்க" என்று நீண்டது.
மூன்று மாம்பழங்கள் என்று கேட்டிருந்தால்
கடைக்காரர் தராசை நிறுத்தியிருப்பார்.

மை வைஃப், ஹி ஒர்க்ஸ் இன் டாலியன், இது தாவ்.
அவனும் அவளும் அவர்கள் வாயில் ஒரே 'தா'.
ஹெச்.ஆரில் இருக்கும் கிரண்
ஆணா பெண்ணா தெரியாமல்
மூன்று மாதம் 'அவர்' என்றே மெயில் ஓட்டியவள்
இதற்கும் அரை குறைத்தேன்.

சொல்வளத்துக்கு முன் பதினைந்து நிமிடம் இடைவேளை.
மாதேஷ் கீற்றாக அரிந்து
மிளகாய்த்தூள் தூவிக் கொண்டுவருகிறான்.
கண்ணில் நீரோடு தின்றுகொண்டே
கடைசி வரிசைக்காரர் என்னிடம் வந்தார்:
நோ ரென்.
பிறகு சொன்னார்,
நாக்கை மேலே சுருட்டி
எங்கும் ஒட்டாமல்.

எனக்கு அந்த ஒலி தெரியும்.
ஏழாம் வகுப்பில் என்னை பெஞ்சு மேல் ஏற்றிய ஒலி.
வீட்டில் தெலுங்கு, பஸ்சில் கன்னடம்,
பள்ளியில் தமிழ்.
கிளவி, வாளை, மளை என்று
இந்த வயது வரைக்கும் சமாளித்தாயிற்று.

தட்டைக் காட்டி
மாம்பளம் என்றேன்.
உங்கள் பெயரின் முதல் ஒலியை
நடுவில் போட்டுச் சொல்லுங்கள் என்றேன்.
அவர் சொன்னார்.
மாதேஷ் மெல்லுவதை நிறுத்தினான்.
"மிஸ், நம்ம எம்டிகூட இப்படிச் சொல்லமாட்டாரு."

ழகரம் சொல்லுக்கு முதலில் வராது,
இது எங்கள் இலக்கணம்.
வந்திருக்கிறது,
ஹெபெயிலிருந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு,
உதட்டில் மிளகாய்த்தூளோடு.

கேட்டல் பதினொன்று. இலக்கணம் பதினாறு.
சொல்வளத்தில் டிரிசில் என்பதற்கு எதிரே
காலியாக விட்டிருக்கிறார்.
மொத்தம் நாற்பத்தொன்று,
தேற நாற்பத்தைந்து.
இடது காதுக்கு எத்தனை, ழ-வுக்கு எத்தனை,
கட்டம் இல்லை.
அடித்துத் திருத்தவும் இல்லை நான்.

ஐந்து மணிக்கு முடிவு வாசிக்கவேண்டும்.
கை கழுவும் இடத்தில்
குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு
நாக்கை மடித்துப் பார்க்கிறேன்.
லென்.
ளென்.
ஒரே முறை என்ற விதியெல்லாம் தாண்டியாயிற்று.
கதவுக்கு வெளியே மாதேஷ்,
பட்டியலைக் கையில் பிடித்தபடி
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.