இருமுறை எண்ணும் எண்ணெய்

கொத்துத் தட்டுகிற சத்தம் ஓய்ந்த பிறகுதான்
வெள்ளவத்தையிலிருந்து மருதானை வரை
கடைகளின் பின்கதவுகள் எனக்குத் திறக்கும்.
மூன்று நாள் பொரித்த எண்ணெய்.
ரோல்ஸ், பற்றிஸ், கோழிக்கால், உழுந்து வடை,
எல்லாவற்றின் கசடும் அடியில்.
நிறம் கேட்டால் பிளேன்ரீ என்பேன்.
மணத்தை என்னிடம் கேட்காதீர்கள்,
என் சட்டையிடம் கேளுங்கள்.

கான் ஒன்றுக்குப் படிவம் ஒன்று.
கடையின் பெயர், முகவரி, மாதத்துக்கு எத்தனை கிலோ,
இது கழிவு என்று உறுதி கூறுகிறேன்,
கையொப்பம், முத்திரை.
ஜுனைதீன் ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பாமாயில் வாங்கக்குள்ள ஒருத்தனும் கேட்கல்ல.
வீசுறதுக்கா தம்பி இவ்வளவு சாட்சி?"

ஓம் ஹாஜியார்.
அங்கே ஒரு சட்டம் இருக்கிறது.
வயலில் விளைந்ததை நேரே எரித்தால்
ஒன்று ஒன்றுதான்.
ஒருமுறை வயிற்றுக்கு உழைத்து ஓய்ந்ததை எரித்தால்
ஒரு லீற்றரை இரண்டு என்று எழுதலாம்.
குளிர்நாட்டில் லொறி பாதி வழிதான் ஓடியிருக்கும்,
கணக்கில் முழு வழியும் பச்சை.

அவர் சிரிக்கவில்லை. வியாபாரி.
"அப்ப காசையும் ரெண்டாத் தாங்களே."

தணிக்கைக்கு வந்தவள் பெயர் மரைக்கே.
கிராண்ட்பாஸ் கிடங்கில், பெரல்களுக்கு நடுவே
மூக்கைச் சுருக்காமல் நின்றாள்.
அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது.
எங்கோ சில துறைமுகங்களில்
புது எண்ணெயை வேண்டுமென்றே கருக்கி
பழையதென்று ஏற்றுகிறார்களாம்.
உங்களுடையது உண்மையிலேயே பழையதா?
வடிதட்டில் சிக்கியிருந்த கறிவேப்பிலை ஒன்றை
எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
படம் பிடித்துக்கொண்டாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மதியம் வுல்பெண்டால் தேவாலயத்தைக் காட்டினேன்,
உங்கள் ஒல்லாந்தர் கட்டியது என்று.
அவர்கள் ஏற்றியது கறுவா,
நீங்கள் ஏற்றுவது கருகியது.
ஆங்கிலத்தில் அது வரவில்லை.
நானே சிரித்துக்கொண்டேன்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் படுத்துக் கிடந்த வருஷமும்
நாங்கள் கொள்கலன் தவறவிடவில்லை.
டொலர் கம்பனி, ஆகையால் எங்களுக்கு டீசல் கிடைத்தது.
தம்பியின் த்ரீவீல் கொலன்னாவையில்
மூன்று நாளாய் ஒரே தூணுக்குப் பக்கத்தில்.
அவனைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போனேன்,
எரியக்கூடிய ஆறாயிரம் லீற்றர் என் முதுகுக்குப் பின்னால்.
கை காட்டினான்.
நான் ஹோன் அடித்தேன்.
வேறென்ன செய்ய,
படிவத்தின்படி அது கழிவு.

காலிமுகத்திடலில் இறால் வடை போடும் சுனேத்ரா
என்னைக் கண்டால் கடலைப் பார்க்கிறாள்.
பெரிய ஹோட்டலின் இரண்டாங்கை எண்ணெய்
முன்பெல்லாம் அவளுக்குத்தான், பாதி விலைக்கு.
நெஞ்சுக்கு ஆகாத எண்ணெய் அது.
சுகாதாரப் பரிசோதகர் சொல்வார், நானும் சொல்வேன்.
இப்போது புதுப் போத்தல் வாங்குகிறாள்.
இறால் அதே அளவு,
வடைதான் அதன் கீழே ஒளிந்துகொள்கிறது.
இந்தக் குறைந்த மாவை
எந்த நாட்டின் பேரேட்டில் பதிவது?

நேற்று மரைக்கேயின் மின்னஞ்சல்.
சட்டம் மாறுகிறதாம்.
வரும் தையிலிருந்து அவர்கள் நாட்டில்
ஒன்றை ஒன்று என்றே எண்ணப்போகிறார்கள்.
விலை இறங்கும், வருந்துகிறேன் என்று எழுதி
கீழே அந்தக் கறிவேப்பிலைப் படத்தை இணைத்திருந்தாள்.

ஹாஜியாரிடம் இன்னும் சொல்லவில்லை.
பின்கதவில் மழை.
அவர் முத்திரையைத் தேடி உள்ளே போயிருக்கிறார்.
கான்களை எண்ணுகிறேன், ஏழு.
இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கிறேன்.
ஏழு.