கவிழ்க்க முடியாத பாத்திரம்

சேன் பியேர் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
இரவு இரண்டே கால்.
மூச்சு நிமிடத்துக்கு நாற்பது என்று எழுதிவிட்டு
சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.

ழில்பேர் வெலாயுதோம். வயது ஐம்பத்தொன்று.
பிரெஞ்சுப் பதிவேட்டில் கோணிப்போன வேலாயுதம்.
கொசு ஒழிப்புப் பிரிவில் பதினாறு வருஷம்
அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டியே சம்பளம்.
டயர், தகர டப்பா, கொட்டாங்கச்சி.
கல்லறைப் பூச்சாடிகளில் மணல் நிரப்பினவர்.

போன மார்ச்சில் என் வீட்டுக்கும் வந்தார்.
கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டைக் காட்டி
"மதாம், எத்தனை பேர் நீந்துகிறார்கள் பாருங்கள்"
என்றார் கிரெயோலில். கவிழ்த்தார். தலையாட்டினேன்.
அவர் வண்டி திருப்பம் தாண்டியதும்
தட்டை நிமிர்த்தி வைத்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.
மனைவி சிரித்தபடி கொய்யா நறுக்கினாள்.
விட்டது காய்ச்சல் மட்டும்தான்.
ரத்தக் குழாய்கள் கசிந்து, மிஞ்சினது பாகாய் இறுக,
நாங்கள் ஏற்றின சலைனெல்லாம்
நரம்பில் நிற்காமல் நழுவிப்போய்
நுரையீரலைச் சுற்றித் தேங்கியது.
ஸ்கேனில் இரு பக்கமும் கறுப்பாய்
நிலவில்லாத குட்டை.

ஊசி குத்தி இறக்கலாமே, என்றாள்.
தட்டணு பதினோராயிரம்.
ஒரு துளை விழுந்தால் அடைக்க ஆளில்லை.
வேலாயுதத்துக்கு இன்று வேல் ஆகாது.

ஆகவே காற்று.
முகமூடியின் வாரை இறுக்கினேன்.
மெஷின் தள்ளும் காற்று உள்ளே நின்று
மூடப்பார்க்கும் சிற்றறைக் கதவுகளைத்
தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்தது.
முதலில் சண்டை போட்டார்,
எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர்போல.
"அதோட போங்க, அதுகூடவே போங்க"
என்றேன், என் காரைக்கால் தமிழில்.
புரிந்திருக்காது. போனார்.

"தெலோ" என்றார் ஒருமுறை. தண்ணீர்.
தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருப்பவர் கேட்கிறார்.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்,
ஈறில் படாமல்.

முப்பத்தெட்டு. முப்பத்தாறு. மறுபடி நாற்பது.
டாக்டர் வந்து, தொண்டைக் குழாய்த் தட்டைக்
கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார்.
மூடித்தான் இருந்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழாம் நாள்
கசிந்த இடமெல்லாம் தானே ஒட்டி
உடம்பு தன் குட்டையைத் தானே குடித்தது.
எழுநூறு மில்லி. தொள்ளாயிரம்.
பை முட்ட மூத்திரம், நல்ல வெளிறல்.
மூச்சு இருபத்துநான்கு.

பையைக் கழற்றிக்கொண்டு போய்
சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தேன்.
திறந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தார்,
மூக்குத்தண்டில் முகமூடியின் சிவந்த தழும்போடு,
வேலை சரிபார்க்கிற கண்ணால்.