பச்சைப் பெயர்கள்

மண்டூர்ப் பாதையில் ஏற்றி
உரப்பையில் சுற்றிக்
களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுவந்தார்கள்
கமக்காரர் சங்கத்துக் கணினியை.
சாமித்தம்பியர் மேசையில் வைத்தபோது
உள்ளேயிருந்து இரண்டு நெல்மணி உருண்டது.
"கடவுச்சொல் இல்ல மகள்.
அது கிருபையோட போயிட்டு."

கிருபைரெத்தினம், எழுதுவினைஞர்.
உரக்காசில் நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு குறையுதென்று
பொதுக்கூட்டத்தில் எழும்பி நிற்கவைத்தார்களாம்.
அடுத்த மாசம் ஆள் கட்டாரில்.
கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.
"எந்த வாயால கேக்கிற?"
கூட வந்த தலைவர்
சுவரிலிருந்த விலைப்பட்டியலை
இரண்டாம் தரம் வாசித்தார்.

நாலு திருகாணி.
வன்தட்டைக் கழற்றி என் கணினியில் கொழுவினேன்.
ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது.
விதைநெல் கடன், வாய்க்கால் வெட்டிய கூலி,
யானைவேலிக்குச் சேர்த்த காசு,
மூன்று வருசத்துக் கூட்டக் குறிப்பு,
எல்லாம் கிடந்தபடி கிடந்தன.
"இவ்வளவுதானா?" என்றார் சாமித்தம்பியர்,
ஏமாந்தவர்போல.
வாசலில் மட்டும்தான் பூட்டு, ஐயா.
வளவுக்கு வேலி இல்லை.
ஆயிரத்தைந்நூறு கேட்க இருந்தேன்.
ஆள் பார்க்க வேலை செய்தால்
கூலி குறையும் என்பதை
இந்தமுறையும் மறந்துபோனேன்.

பிறகு அந்தக் கோப்புறை.
உள்ளே பதினொரு கோப்பு,
பெயரென்று சொல்ல வெறும் இலக்கம்,
பதினொன்றும் பச்சை நிறம்.
தொட்டால் அனுமதி இல்லை.
தலைவர் முதல்முறையாகக்
கதிரையை இழுத்துப் போட்டார்.
"அதுக்குள்ளதான் கிடக்கு."

பழைய கடவுச்சொல்லை அழித்துப் புதிது போட
எனக்கு இரண்டு நிமிடம் காணும்.
கணினி திறக்கும்.
பச்சை மட்டும் எந்தக் காலத்திலும் திறக்காது;
அதன் சாவி பழைய சொல்லின் வயிற்றில்.
விளங்கப்படுத்தினேன்.
"மறுகா என்ன செய்யிற?"
கடைசிப் பாதைக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்கள்.

இரவு வாட்சப்பில் எடுத்தேன்.
யார், எதற்கு என்று சொன்னபிறகு
அந்தப் பக்கம் நெடுநேரம்
குளிரூட்டியின் இரைச்சல் மட்டும்.
"பாமினியில அடிச்சுப் பழகின கை, தங்கச்சி.
சொல் மனசில இல்ல. விரல்லதான்."
எதன்மேலோ தட்டுவது கேட்டது. ஆறு தட்டு.
"சின்ன வீ. பெரிய ஓ. டீ. எச். டீ."
எந்த டீ?
"முதலாவது வ வருமே, அது.
மற்றது ன.
கடைசியில அரைப்புள்ளி, அதுதான் குற்று."
பிறகு,
"துறந்தா நீங்க மட்டும் பாருங்க."

கடதாசியில் தமிழாக்கிப் பார்த்தேன்.
எழுவான்.
படுவான்கரையில் உட்கார்ந்து
ஒவ்வொரு காலையும் எதிர்க்கரையைத் தட்டித்தான்
உள்ளே போயிருக்கிறது ஆள்.
வீடு எந்தக் கரையென்று நான் கேட்கவில்லை.

பதினொன்றும் ஒரே கடிதம்.
தலைவர் அவர்களுக்கு, என்று தொடங்கும் பதவி விலகல்.
முதலாவது நாலு பக்கம்:
தேதி, பற்றுச்சீட்டு இலக்கம்,
யார் யார் முன்னால் எண்ணியது.
ஐந்தாவது அரைப்பக்கம்.
ஒன்பதாவதில் சொந்தக் காரணங்களுக்காக.
பதினோராவதில்
தலைவர் அவர்களுக்கு,
அந்தக் காற்புள்ளியோடு சரி.

பற்றுச்சீட்டு இலக்கத்தைப் போட்டுத் தேடினேன்.
நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு
யானைவேலி பற்றரிக்குப் போயிருந்தது.
பூட்டே இல்லாத கோப்பில்,
ஆடிமாசக் கூட்டக் குறிப்பில், ஏழாம் பந்தி.
முன்மொழிந்தவர்: தலைவர்.
வழிமொழிந்தவர்: சாமித்தம்பி.

காலையில் வந்தார்கள்.
பென்டிரைவில் எல்லாம் இருந்தது,
அந்தப் பதினொன்றைத் தவிர.
ஏழாம் பந்தியை மட்டும் அச்செடுத்து
பில்லுக்கு அடியில் பின் அடித்திருந்தேன்.
தலைவர் பில்லைப் பார்த்தார்,
அடியிலிருந்ததைப் பார்த்தார்,
இரண்டையும் சேர்த்து எட்டாக மடித்தார்.

"அந்தப் பச்சை?"
கடிதம், ஐயா.
"ஆருக்கு?"

ஆயிரத்தைந்நூறு என்றேன்.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தார்.